லேத்துக்காரர் மகள்

ஜெர்மனியில் படிப்பது எப்படி என்று தமிழில் யூடியூபில் இல்லாத வீடியோ இல்லை. நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று காட்டுகிற ஏ.பி.எஸ். சான்றிதழ், முதல் வருடச் செலவுக்கென்று முன்கூட்டியே பிளாக்டு அக்கவுன்ட்டில் போட வேண்டிய பணம் (நான் வந்த 2023-ல் 11,208 யூரோ, அடுத்த வருடமே 11,904 ஆக்கிவிட்டார்கள்), விசா வரிசை எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வதை நம்பி பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்கு மூட்டை கட்டாதீர்கள். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் இங்கே 2017-ன் குளிர்கால செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் எம்.எஸ்சி. சேர்ந்த நானும் கட்டுகிறேன்.

நான் எழுத நினைத்தது இன்டர்ன்ஷிப் பற்றி. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம்.

அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் (சுற்றுகிற தண்டு), புஷ் (அது உட்காரும் வளையம்) எல்லாம் ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுப்பது. அந்தக் காசில்தான் நான் மெக்கானிக்கல் படித்தேன். ஆனால் பட்டறைக்குள் மட்டும் என்னை விட்டதில்லை. சாப்பாட்டு கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். "கையெல்லாம் கறுப்பாயிரும் கண்ணு, நீ டிசைன் பக்கம் போயிரு." பெண் பிள்ளை என்பதால் மட்டும் இல்லை. தம்பிக்கும் அதே சட்டம்தான். மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலை தன்னோடு போகட்டும் என்பது அவர் கணக்கு.

கல்லூரியிலும் அப்படித்தான். ஒரு லேத்தைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தோம். ஃபிட்டிங் லேபில் இரும்புத் துண்டை 'வி' வடிவில் ராவுகிற வி-கட் ஜாப்பை உண்மையில் முடித்துக் கொடுத்தது நாங்கள் இல்லை என்பது தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

ஆகவே, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற) பாகங்கள் செய்கிற ஒரு குடும்பக் கம்பெனியில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தபோது கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்யப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம், சின்ன ஊர். (எங்கள் கோர்ஸில் அது கட்டாய இன்டர்ன்ஷிப். கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு இங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.) முதல் நாளே பாதுகாப்பு ஷூவையும் ஒரு அரத்தையும் கையில் கொடுத்துப் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் எல்லா இன்டர்னும் அங்கே சில வாரம் இருந்துவிட்டுத்தான் மாடியில் இருக்கிற டிசைன் பிரிவுக்குப் போக வேண்டும்.

பாட்டி போட்ட மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். சுற்றுகிற மெஷின் பக்கத்தில் கையுறையும் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். என் பின்னல் இடுப்பு வரைக்கும் வரும். அதைச் சுருட்டி வலைக்குள் அடக்குவதற்கு அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மாதான் உதவினார். எங்கள் பட்டறையில் செருப்பும் லுங்கியுமாக நிற்கிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பதினேழு வயது. பள்ளி முடித்துவிட்டு அப்ரென்டிஸாகச் சேர்ந்தவன். மூன்றரை வருடப் பயிற்சி, வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் பட்டறை. முதல் வருடத்திலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் உதவித்தொகை. அவன் என் நிற்கும் விதத்தைத்தான் முதலில் திருத்தினான். இடது கால் முன்னால், துண்டை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் முழங்கை உயரத்தில், அரத்தைத் தள்ளும்போது உடம்பு மொத்தமும் முன்னே போக வேண்டும், திரும்ப இழுக்கும்போது அழுத்தவே கூடாது. ஒரு எஃகுத் துண்டின் ஒரு முகத்தைச் சமதளமாக ராவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. ராவி முடித்ததும் கத்தி போல விளிம்புள்ள ஒரு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் ஒழுகும். நடுவில் மேடு என்று அர்த்தம். "இன்னும்" என்பான். மறுபடி ராவுவேன். சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி இருந்தாலும் அந்த வெளிச்சக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். மைக்ரான் என்பதை நான் அதுவரை டிராயிங்கில் ஒரு எண்ணாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது அது தோள்பட்டையில் வலித்தது.

அவன் பேச்சு பாதிதான் புரியும். கோவையில் பி1 என்கிற நடுத்தர நிலை வரை படித்த ஜெர்மன், இந்தப் பகுதியின் ஸ்வேபிய வட்டாரப் பேச்சுக்கு முன்னால் எடுபடவில்லை. "எங்களுக்கு எல்லாம் வரும், சுத்த ஜெர்மன் பேசுவதைத் தவிர" என்று இந்த மாநிலமே 1999 முதல் விளம்பரம் செய்தது, அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் ரொம்ப நாள் சிரித்தே சமாளித்தேன்.

அந்தப் பட்டறையின் தலைவர் ஒரு மைஸ்டர். பதினாறு வயதில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, பிறகு மைஸ்டர் தேர்வு எழுதியவர். இங்கே அந்தத் தகுதி, தகுதிச் சட்டகத்தில் இளநிலைப் பட்டத்தோடு ஒரே நிலையில், 6ஆம் நிலையில் இருக்கிறது. காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று நானும் நினைத்தேன். ஒரு நாள் டிசைன் பிரிவிலிருந்து ஒரு டிராயிங் வந்தது. உள்ளே ஒரு பள்ளம், அதன் நான்கு மூலையும் கூர்மையாக. மில்லிங் கட்டர் உருண்டையாகச் சுற்றுவது, உள்மூலையில் தன் ஆரத்தை விடாமல் எப்படி வெட்டும்? மைஸ்டர் போன் செய்தார். டாக்டர் பட்டம் வாங்கிய எஞ்சினியர் மாடியிலிருந்து இறங்கி வந்து, எண்ணெய்க் கறை படிந்த பெஞ்சின் மேலேயே டிராயிங்கை விரித்து, "எவ்வளவு ஆரம் விடட்டும்?" என்று கேட்டு, பென்சிலால் திருத்திக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "போன மாசம் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு கண்ணு. டிராயிங் போட்ட கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். டிராயிங்ல இருக்கற மாதிரி பண்ணிக் குடுங்கன்னுட்டான் அந்தப் பையன். ஜாபும் ரிஜெக்ட் ஆச்சு" என்றார். அந்தப் பையன் என் மாதிரி ஒரு பி.இ.தான்.

இருபத்து சொச்சம் வயது வரைக்கும் என் அப்பாவிடம் தொழில் பற்றி நான் எதுவுமே கேட்டதில்லை. இங்கே வந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். நீளமான மெல்லிய ஷாஃப்ட் ஒன்றைக் கடையும்போது அளவு நிற்கவே மாட்டேன் என்றது. என்னங்ப்பா பண்ணுவீங்க என்று கேட்டேன்.

"நடுவுல வயிறு வெச்சுக்குமே?"

"ஆமாங்ப்பா."

"மெலிசா இருக்கறது டூலுக்குப் பயந்து பின்னால போகும். ரெண்டு முனையையும் புடிச்சிருக்கறதால அங்க போக முடியாது, நடு மட்டும் ஒதுங்கும். ஒதுங்குனா அங்க கம்மியா வெட்டும், தடிமனா நிக்கும். டூல் கூடவே நகந்து தண்டைத் தாங்கற ட்ராவலிங் ஸ்டெடி போடு. வெட்டற ஆழத்தைக் கொற. டூலைக் கூரா வெய்யி. அப்பறம் சத்தத்தைக் கேளு, சீறுச்சுன்னா நிறுத்திரு."

வளைவுச் சமன்பாடு, மீள்தன்மைக் குணகம் எல்லாம் போட்டு நான் பரீட்சை எழுதியது இதைத்தான். ஒரு சூத்திரமும் இல்லாமல் சொல்லிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று அடுத்ததுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடியும் முன் எல்லோரும் அவரவர் மெஷினைத் துடைக்க வேண்டும். மைஸ்டரும் துடைப்பார். சுருள் சுருளாகக் கிடக்கும் பிசிறை வாரி, பித்தளை ஒரு தொட்டி, எஃகு ஒரு தொட்டி என்று பிரித்துப் போட்டு, மெஷினில் டூல் நகர்கிற படுகைக்கு எண்ணெய் விட்டு, கடைசியில் தரையைப் பெருக்குவது. எங்கள் பட்டறையில் மெஷின் முழுசாகத் துலங்குவது ஆயுத பூஜைக்குத்தான். அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை கொடுத்து, அதன் முன்னால் விழுந்து கும்பிடுவோம். மற்ற நாளில் பெருக்குவது யாரோ ஒரு பையன் வேலை. இதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அவங்களுக்கு மணிக்கு என்ன ரேட்டு, எனக்கு என்ன ரேட்டு? பீஸ் கணக்குல ஓடறவன் வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்திப்போட்டுத் துடைக்க முடியுமா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் துடைப்பம் விடாது. இந்தப் பகுதியில் கேர்வோஹே என்று ஒரு வழக்கம் உண்டு. குடியிருக்கிறவர்கள் வாரம் ஒருவராக முறை வைத்து மாடிப்படி, வாசல், நடைபாதை எல்லாம் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும். 1492-ல் இந்தப் பகுதியை ஆண்ட எபர்ஹார்ட் பிரபு போட்ட நகரச் சட்டத்திலிருந்தே வருகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். கீழ் வீட்டுப் பாட்டி ஒருவர் நான் பெருக்கி முடிக்கும் வரை ஜன்னலில் நின்று பார்ப்பார். கோவையில் எங்கள் வாசலைப் பெருக்கிக் கோலம் போடுகிற அக்காவை ஒரு நாளாவது நின்று பார்த்திருப்பேனா, தெரியவில்லை. பாட்டி இப்போது ஜன்னலுக்கு வருவதில்லை. எனக்கு அது சான்றிதழை விடப் பெரிது.

இன்டர்ன்ஷிப் முடிந்து இப்போது தீசிஸ் எழுதுகிறேன், அதே கம்பெனியில்தான். மாடியில் மேஜை கொடுத்திருக்கிறார்கள். எந்த டிராயிங் போட்டாலும் அனுப்பும் முன் கீழே இறங்கிப் போய் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறேன்.

கணபதியில் வேறொரு சங்கதி நடக்கிறது. அப்பா பழைய சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டுகிற) லேத் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஓட்டிக் காட்டினார்களா என்றேன். கரன்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் என்று சண்டை போட்டு, ஸ்பிண்டில் ரன்-அவுட் (சுற்றுகிற தண்டின் ஆட்டம்), பால் ஸ்க்ரூ பேக்லாஷ் (டூலை நகர்த்துகிற திருகின் தளர்வு) இரண்டையும் டயல் கேஜ் வைத்து எங்கே எப்படிப் பார்ப்பது என்று படம் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது.

"எல்லாம் எனக்குத் தெரியும் கண்ணு. ஆட்டம் இருந்தா ரேட்டு எவ்வளவு கொறைச்சுக் கேக்கலாம்னு எழுதலையே?"