கொதிக்க வைத்துப் பார்த்தாயா?

பாக்டீரியா நச்சுகளை ஆராய வந்த முதல் வருடம் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் கிடைத்தது. மூன்றே நாளில் அது போயும் விட்டது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதம் தயாரித்து, சுத்தப்படுத்தி, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள்மேல் விட்டிருந்தேன். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைச் செல்கள் கொட்டித் தீர்த்தன. புதிதாக ஒரு நச்சைப் பிடித்துவிட்டேன் என்று நம்பி, வரைபடத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியையிடம் ஓடினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “கொதிக்க வச்சுப் பாத்தியாம்மா?”

வைக்கவில்லை. புரத நச்சுகள் பெரும்பாலும் கொதிநீரில் உருக்குலைந்து செயலிழந்துவிடும். ஆனால் ஈ.கோலையின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு அப்படியல்ல, அது புரதமே இல்லை. கொதித்தாலும் வீரியம் போகாது. துளியூண்டு ஒட்டிக்கொண்டு வந்தால்கூட மேக்ரோஃபேஜ்களைக் கிளப்பிவிடப் போதும். அன்றே கொதிக்க வைத்து மறுபடி சோதித்தேன். டி.என்.எஃப். அளவு துளியும் குறையவில்லை. நான் பிடித்தது நச்சு அல்ல, அழுக்கு. அழுகை வந்தது. அவர் திட்டவில்லை. “இது எல்லாருக்கும் நடக்கும், அடுத்த தடவை கொதிக்க வச்சது, வைக்காதது ரெண்டு குழாயையும் பக்கத்துல பக்கத்துல வை” என்றார்.

அப்புறம்தான் காலராவுக்கு மாறினேன்.

காலரா நச்சின் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவிடுகிறவர் கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் டே. 1884இலேயே ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக், இந்த நோய்க்கு ஏதோ ஒரு நஞ்சுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. பலர் காலரா கிருமியை விலங்குகளின் வயிற்றறைக்குள்ளும் இரத்தத்திலும் செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன, காலரா வரவில்லை. கல்கத்தாவில் டே, முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியை விட்டார். அந்தத் துண்டு நீர் கோர்த்து வீங்கியது. 1959இல் ஒரு படி மேலே போய், கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தை உள்ளே விட்டார். அப்போதும் குடல் வீங்கியது. கிருமியே இல்லாமல் காலராவின் வேலை நடந்தது! நோய் குடலில் நடக்கிறது, ஆகவே கேள்வியையும் குடலிடம்தான் கேட்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. உயிரோடிருந்தபோது அவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அதே பரிசுக்குப் பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் மாதிரி எடுத்து வருவதற்காக மருத்துவமனை வார்டுக்குப் போயிருந்தேன். படுக்கையில் நடுத்தர வயது ஆள் ஒருவர். கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் தோலைக் கிள்ளிவிட்டால், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அடியிலிருந்த வாளியில் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளிறிய நீர். காலரா முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை போகும் என்று படித்திருக்கிறேன். வாளியைப் பார்த்தபோதுதான் அந்த ஒரு லிட்டர் எனக்குப் புரிந்தது.

அவரிடமிருந்து கிடைத்தது, காலராக் கிருமியில் எல் டோர் என்ற வகை. 1961இல் தொடங்கிய ஏழாவது உலகப் பெருந்தொற்றுக்குக் காரணமானது அதுதான். அதை வளர்த்து, வடிகட்டி, திரவத்தை சி.எச்.ஓ. எனப்படும், ஆய்வகத்தில் வளர்க்கும் வெள்ளெலிச் செல்கள்மேல் விட்டேன். காலரா நச்சு பட்டால் அந்தச் செல்கள் ஒரு நாளுக்குள் இழுத்து நீட்டியது போல நீளமாகும். நீளவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். கிருமி வளரும் சத்துக் கரைசலான ஊடகத்தை மாற்றினேன், வடிகட்டியைச் சந்தேகப்பட்டேன், செல்களையும் சந்தேகப்பட்டேன். நான்கு மாதம் இப்படியே போனது. ஒரு மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கிருமி, என் குடுவையில் கொழுகொழுவென்று வளர்ந்தும் நச்சைக் காட்டவே இல்லை.

தவறு குடுவையில்தான் இருந்தது. நன்றாகக் குலுக்கி, காற்றோட்டம் கொடுத்து, கிருமிக்கு எல்லா வசதியும் செய்து வைத்திருந்தேன். எல் டோர் அந்த நிலையில் நச்சை அவ்வளவாகச் சுரக்காது. 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஏ.கே.ஐ. முறையில், பைகார்பனேட் கலந்த ஊடகத்தை முதல் நான்கு மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். அதன் பிறகே குலுக்க வேண்டும். சிறுகுடலிலும் பைகார்பனேட் சுரக்கிறது, காற்றும் குறைவு. நச்சு மரபணுக்களை முடுக்கிவிடும் டாக்ஸ்-டி என்ற புரதத்தை அந்த பைகார்பனேட்தான் தூண்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது. டே குடலுக்குள் போய்க் கேட்டதை நான் குலுக்கும் எந்திரத்திடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏ.கே.ஐ. முறையில் வளர்த்து இரண்டு குழாய் எடுத்தேன். ஒன்று அப்படியே, மற்றது கொதிக்க வைத்தது. மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், முதல் தட்டில் செல்களெல்லாம் மீன்குஞ்சுகள் போல நீண்டு கிடந்தன. கொதித்த தட்டில் எந்த மாற்றமும் இல்லை. பேராசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

அந்த நச்சு என்ன செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஐந்து துணைப் புரதங்கள் சேர்ந்து குடல் செல்லின் மேற்பரப்பில் ஜி.எம்.1 என்ற கொழுப்பைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது உள்ளே போய், ஒரு சுவிட்சை அணைக்க முடியாதபடி போட்டுவிடுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறு ஏறுகிறது, குளோரைடு வாசல் திறக்கிறது, உப்பும் நீரும் வெளியே கொட்டுகின்றன. ஆனால் குடல் சுவர் புண்ணாவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே வரும் இன்னொரு வழி திறந்தே இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காப்பது அந்த வழியால்தான். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் அதைக் குடிக்கக் கொடுத்து, சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பை 4 சதவீதத்துக்குக் கீழே இறக்கினார்.

வார்டில் பார்த்தவருக்கு முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள், அப்புறம் உப்புச் சர்க்கரைக் கரைசல். அன்று மாலையே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று செவிலியர் சொன்னார். அவருடைய கிருமியின் நச்சை நான் கண்ணால் பார்த்தபோது, அவர் வீடு திரும்பி நான்கு மாதம் ஆகியிருந்தது.