விழுந்தவன் குறிப்பு

ஜூலை 17, 2025, வியாழன்

இடது கை ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் திரையைப் பார்த்தால் வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து அம்மி கொத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரை நாகமலை அடிவாரத்தில் எலக்ட்ரிக் மவுண்டன் பைக்கிலிருந்து விழுந்தேன். வலது காறை எலும்பு நடுவில் முறிவு. வலது விலாவில் இரண்டு எலும்பு விரிசல். தலையில் அடி, ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போய்விட்டது. அதில் ஏறியிருந்த சரளையை நர்ஸ் பிரஷ் வைத்துத் தேய்த்தெடுத்தார். எலும்பு முறிந்ததுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

கீழக்குயில்குடியில் ஆலமரத்தடியில் ஷூ லேஸ் கட்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி ஃபேன். நடுவில் இரண்டரை மணி நேரத்தைக் காணோம். அந்த நேரம் முழுக்க நான் பேசிக்கொண்டுதான் இருந்தேனாம். "பைக் எங்க?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். மனைவி பதில் சொல்வாள், தலையாட்டுவேன், மறுபடி கேட்பேன். ஏழாவது தடவை, "பைக்க வித்துட்டேன்"னு சொன்னாளாம். அதுக்கும் தலையாட்டினேனாம்.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்து 108-க்குப் போன் பண்ணியிருக்கிறார். ஆடு ஒன்று குறுக்கே வந்து விழுந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவு எழுதியவருக்கும் என் மனைவிக்கும் நடந்த உரையாடல் தனிக்கதை. "வண்டி நம்பர்?" "நம்பர் கிடையாது சார்." "நம்பர் இல்லாத பைக்கா?" 250 வாட்டுக்குக் கீழே மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார் தள்ளாது என்றால் பதிவு தேவையில்லை, லைசென்ஸும் தேவையில்லை என்று அவள் விளக்கியிருக்கிறாள். அவர் கடைசியில் "சைக்கிள், தானாக விழுந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தானாக விழுந்தது! பன்னிரண்டு வயசிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இதைப் படிக்க எப்படி இருக்கும்.

ஆடி ஒண்ணு இன்றைக்கு. காற்று ஆரம்பித்துவிட்டது. கண் போதும் என்கிறது.

ஜூலை 19, சனி

பாத்ரூம் போகும்போது மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். பைக்கை மச்சினன் ஞாயிற்றுக்கிழமையே டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே சாத்தியிருந்தான். நேற்று ராத்திரி சார்ஜரும் மாட்டியிருக்கிறான்.

நான் போட்ட சத்தத்தில் விலா இரண்டும் சேர்ந்து பதில் சொல்லின. உட்கார்ந்துவிட்டேன்.

"சார்ஜ் கம்மியா காட்டுச்சு மாமா, நீங்க எந்திரிச்சு வந்து பாக்கும்போது ஃபுல்லா இருக்கட்டுமேன்னு..." என்றான். பாவம். அவனைத் திட்டி என்ன செய்ய. அடிபட்ட லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. செல்போன் விழுந்தால் எடுத்துத் துடைத்துச் சார்ஜில்தானே போடுகிறோம்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ் மூலையில், பெட்டியின் இணைப்பு ஓரமாக, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. புறங்கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு மட்டும். உப்பல் இல்லை, செல் கசிந்தால் வரும் இனிப்பும் காரமுமான கரைப்பான் வாடையும் இல்லை. ஆனாலும் உள்ளே நாற்பது செல் இருக்கிறது. ஒன்று நசுங்கியிருந்தால்கூட உடனே காட்டாது, மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் கழித்துச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஒன்று பிடித்தால் பக்கத்துச் செல்லும் பிடிக்கும். அணைத்த பிறகும் திரும்பப் பற்றும். அதுவும் மாடிப்படிக்கு அடியில், வீட்டில் எல்லோரும் வெளியே ஓட வேண்டிய ஒரே வழியில்.

கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில், தகரக்கூரை நிழலில் வைத்தாயிற்று. சுற்றி மூன்றடிக்கு ஒன்றும் இல்லை. அம்மா துவைக்கிற கல் போச்சே என்று புலம்புகிறாள்.

விற்ற கடைக்குப் போன் செய்தேன். "வெளியதான சார் கீறல், எம்-சீல் வச்சு ஓட்டுங்க" என்றான் அந்தப் பையன். வைத்துவிட்டேன், போனை.

ஜூலை 24, வியாழன்

மூன்று பந்து. இதுதான் என் உலகம் இப்போது.

பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று குழாய், மூன்றிலும் ஒவ்வொரு பந்து. டியூபை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். 600, 900, 1200 என்று எழுதியிருக்கிறது. விலா வலிக்கிறதே என்று மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரல் அடியில் சளி தேங்கி நிமோனியா வரைக்கும் போகுமாம். அதனால் மணிக்குப் பத்துத் தடவை. முதல் பந்து ஏறுகிறது. இரண்டாவது நடுங்கி நடுங்கிப் பாதியில் நிற்கிறது. மூன்றாவது அசையவே இல்லை, நம்மூர் ஆபீஸர் மாதிரி. என் பொண்ணு வந்து ஒரே உறிஞ்சில் மூன்றையும் ஏற்றிவிட்டு, "ஈஸிதான்ப்பா" என்று போய்விட்டாள்.

தும்மல்தான் பயம். ஆடிக்காற்றில் புழுதி வேறு. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு, குலசாமியை நினைத்துக்கொண்டு...

பார்க்க வருகிறவர்கள் வரிசை. சித்தப்பா புத்தூர் கட்டுதான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் முழங்கைக்கு 1988-இல் போட்டதை மடக்கி நீட்டிக் காட்டினார். காறை எலும்புக்குக் கட்டே கிடையாது, கையைத் தூளியில் தொங்கவிட்டால் தானாகச் சேரும், ரொம்ப விலகியிருந்தால்தான் தகடு வைப்பார்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "கட்டே போடாம ஒரு டாக்டரா?" என்றார்.

எல்லோரிடமும் ஆட்டுக்கதையைச் சொல்லிச் சொல்லி இப்போது அந்த ஆடு எனக்குக் கண்ணில் தெரிகிறது. கறுப்பு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அம்மா கருப்பசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். இடையில் ஆட்டுக்கால் சூப் தினமும் காலையில். ஆடு தன் பாவத்தைத் தவணைமுறையில் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பிரண்டைத் துவையல். நல்லெண்ணெயில் நன்றாக வதக்காமல் அரைத்துவிட்டாள் போல, தொண்டை அரிக்கிறது. எலும்புக்கு நல்லது என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஹெல்மெட்டை இன்றைக்குத்தான் கையில் எடுத்தேன். வெளி ஓட்டில் ஒரு உரசல், அவ்வளவுதான். அம்மா அதைத் துடைத்து, தெருவில் ஸ்கேட்டிங் பழகுகிற பையனுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தாள். உள்பஞ்சைக் கழற்றினேன். வலது பொட்டுக்கு நேரே, வெள்ளைத் தெர்மோகோல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அமுங்கிப்போய் வழவழவென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் மணிமணியாகத் தெரிகிறது, அங்கே மட்டும் மணியே இல்லை. அதிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு காதுப்பக்கம் ஓடுகிறது.

அந்த நுரை ஒரு தடவைதான் நசுங்கும். திரும்ப எழும்பாது. என் மண்டை நசுங்காமல் இது நசுங்கிக்கொண்டது, இனி இது வெறும் தொப்பி. கத்திரிக்கோலை இடது கையில் பிடித்து வாரை வெட்டினேன். நான்கு வெட்டு ஆனது. யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

"நல்ல சாமான வெட்டுறான் பாரு," என்றாள் அம்மா. "மண்டைல அடிபட்டது சும்மாவா."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது பந்து நிற்கிறது. மூன்றாவது ஏறி இறங்குகிறது.

இன்றைக்கு பைக்கை முழுசாகப் பார்த்தேன். நான்கு வாரமாகத் தள்ளிப்போட்டதற்கு வலி காரணம் இல்லை. பழைய நண்பனைப் பிணவறையில் அடையாளம் காட்டப் போவது போல இருந்தது.

மச்சினன் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் துடைத்தான். மண்ணோடு பார்த்தால் எந்த வெடிப்பும் தெரியாது.

அடி எல்லாம் வலது பக்கம், என்னை மாதிரியே. ஹேண்டில்பார் வலது முனை பின்னால் வளைந்திருக்கிறது. அலுமினியம் ஒரு தடவை வளைந்தால் நிமிர்த்தக் கூடாது, நிமிர்த்தியது சொல்லாமல் ஒடியும். மாற்ற வேண்டும். பிரேக் லீவர் மடங்கியிருக்கிறது. டிஸ்பிளே காலி. பின்னால் கியரைத் தாங்குகிற ஹேங்கர் உள்பக்கம் மடங்கியிருக்கிறது. அது மடங்கத்தான் செய்திருக்கிறார்கள், சில நூறு ரூபாய் சமாச்சாரம். அது மடங்காவிட்டால் ஃபிரேம் ஒடியும். மச்சினன் அதை அப்படியே சுற்றி ஓட்டப் பார்த்தான், கடைசிப் பல்லில் போனால் ஆரக்கம்பிக்குள் நுழைந்துவிடும் என்று தடுத்தேன்.

ஃபிரேமில்தான் ரொம்ப நேரம். தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேருகிற வெல்டிங்கில் டார்ச்சைச் சாய்த்து அடித்தோம். பெயின்டில் முடிக்கோடு இருக்கிறதா, சுருக்கம் இருக்கிறதா. பழைய பனியன் துணியால் வருடிப் பார்த்தோம், நூல் எங்கேயும் மாட்டவில்லை. முன் ஃபோர்க்கின் பளபளக் குழாயில் ஒரு கீறல். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தேன், மாட்டவில்லை. மாட்டினால் சீலைக் கிழித்து எண்ணெய் வெளியே வந்துவிடும். பிழைத்தது.

பிறகு முன்சக்கரம்.

ரிம்மின் ஓரத்தில் ஒரு இடம் தட்டையாக உள்ளே போயிருக்கிறது. கல்லில் நேராக இடித்த அடி. இது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதற்குப் பக்கத்தில் டயர் ரிம்மை விட்டு விலகியிருந்த இடத்திலிருந்து, ஓட்டை அடைக்க டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றுகிற அந்த வெள்ளைப் பால் காய்ந்து ஃபோர்க் காலின் உள்பக்கம் மேல்நோக்கி விசிறியடித்திருந்தது. நின்றபின் கசிந்திருந்தால் கீழேதான் வடிந்திருக்கும். இது சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே காற்றோடு சேர்ந்து பீய்ச்சியது.

சீமைக்கருவேல முள்ளுக்காக ஊற்றின பால் அது. வேறு எதற்கோ சாட்சி சொல்கிறது.

"ஆடு குறுக்க வந்ததும் நீங்க ஒடிச்சிருப்பீங்க மாமா, கல்லுல ஏறிருக்கும்." இருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

போனில் நான் எழுதிவைக்கிற டயர் காற்றழுத்தக் குறிப்பைத் தேடினேன், எல்லாம் psi கணக்கு. ஜூலை 12, சனிக்கிழமை சாயங்காலம்: "முன் 16, பின் 22. சரளைல பிடி பாக்கணும்."

16. நான் 84 கிலோ, வண்டி 24 கிலோ, இறக்கம், கல். முன்னால் எப்போதும் 23 வைக்கிறவன், இது ரொம்பக் குறைவு.

பேட்டரியை எலக்ட்ரிக்கல் கடை அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். 39.2 வோல்ட், போன மாதம் பார்த்த அதே எண். "வோல்ட் நிக்கிதுங்கிறதுக்காக ஓட்டிறாதீங்க, வெடிப்பு வழியா தண்ணி போனா அப்புறம் தெரியும்" என்றார். எம்-சீல் பையனைவிட இவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. அடிபட்ட லித்தியத்தை விமானப் பார்சலில் ஏற்ற மாட்டார்கள், அதனால் ஈ-வேஸ்ட் எடுக்கிறவர்கள் நேரில் வரும்வரை கல்லிலேயே இருக்கும். புது பேட்டரி விலையைக் கேட்டேன், எழுத மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

எக்ஸ்ரே. முறிவைச் சுற்றி மேகம் மாதிரி புது எலும்பு. தூளி கழன்றது. டாக்டர் கையைத் தொங்கவிட்டு ஆட்டுக்கல் குழவி மாதிரி மெதுவாகச் சுற்றச் சொன்னார். இன்னும் ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, வண்டி கூடாது. காறை எலும்பின் மேல் ஒரு சுண்டைக்காய் அளவு மேடு நிரந்தரமாக இருக்குமாம். மூன்று பந்தும் நிற்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பெரியவரைப் பார்க்க ஆட்டோவில் போனோம். நான், மச்சினன், அம்மா. ஒரு வேட்டி துண்டு, பழம், கொஞ்சம் பணம். அம்மா வரக் காரணம் வேறு, கிடா அவரிடமே வாங்கலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

விழுந்த இடத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. செம்மண் தடம், இரண்டு பக்கமும் கருவேலமரம், பாதிப் புதைந்த ஒரு கருங்கல். அம்மாவும் மச்சினனும் ஆட்டுப்பட்டிப் பக்கம் போன பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அய்யா, அன்னைக்கு ஆடு எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"எந்த ஆடு?"

"குறுக்க வந்த ஆடு."

"ஆடெல்லாம் அந்தா, அந்தப் பாறைக்கு அங்கிட்டுல்ல கெடந்துச்சு. இங்கிட்டு ஒண்ணும் வரல தம்பி. நீங்க மேலருந்து வந்தீக. புஸ்ஸுன்னு ஒரு சத்தம், பாலு மாதிரி வெள்ளையா தெறிச்சுச்சு. வண்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். நீங்களாத்தான் விழுந்தீக." கொஞ்சம் யோசித்து, "எந்திரிச்சு ஒக்காந்ததும் 'ஆடு மேல இடிச்சிட்டனா'ன்னு நீங்கதான் கேட்டீக. ஆட்டப் பாத்துக் கேக்குறீகளாக்கும்னு நெனச்சேன்."

அந்தப் பக்கமிருந்து அம்மா கூப்பிட்டாள். கறுப்புக் கிடா ஒன்றின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நெற்றியில் சுட்டி எல்லாம் இல்லை. பெரியவர் பதினாலாயிரம் சொன்னார். அம்மா, "எம்புள்ள விழுந்ததே உங்க ஆட்டாலதான், பாத்துச் சொல்லுங்க," என்று ஆரம்பித்தாள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பில் ஏறிய முள்ளை எடுப்பது போலக் குனிந்தேன். குனிய விலா இன்னும் விடவில்லை.

பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. இரண்டாயிரம் முன்பணம்.