பகா எண் இடைவெளிகள்: கட்டத்தில் விழுந்த சுழியங்கள்

போன சனிக்கிழமை கோப்பிக்கடையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஆறும்வரை மடிக்கணினியில் பைத்தான் நிரல் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மில்லியன் வரையுள்ள பகா எண்கள் 78,498. மடங்குகளை நீக்கிப் பகா எண்களை மட்டும் சல்லடை போட்டு எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எண்ணினால், ஆகப் பெரியது 114 (492113க்கு அப்புறம் 492227தான்). ஆனால் அடிக்கடி வருவது 2 இல்லை, 6. இரட்டைப் பகா எண்கள் என்று எல்லாரும் கொண்டாடும் 2க்கு எட்டாயிரத்துச் சொச்சம், 4க்கும் கிட்டத்தட்ட அதே அளவு, 6க்கோ பதின்மூன்றாயிரத்துக்கு மேல்.

சரி, ஓர் இடைவெளிக்குப் பின்னால் எது வருகிறது என்று கட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2க்குப் பின் 8: சுழியம். 4க்குப் பின் 4: சுழியம். 4க்குப் பின் 10: அதுவும் சுழியம். 2க்குப் பின் 2 மட்டும் ஒரே ஒரு முறை. நிரலில்தான் ஏதோ பிழை என்று இரண்டு மணி நேரம் வரிவரியாகத் துழாவினேன், பிழையே இல்லை.

திங்கள் காலை சிங்கப்பூர் யீஷூனில் எம்ஆர்டி ரயில் ஏறி, நின்றபடியே கைப்பேசியில் 5, 7, 9 என்று தட்டியபோதுதான் உறைத்தது. எல்லாம் 3 செய்யும் வேலை! ஓர் எண், அதோடு 2, அதோடு 4 என்று மூன்றை எடுத்தால் ஒன்று கட்டாயம் 3ஆல் வகுபடும். தப்பிப்பது 3, 5, 7 மட்டும், ஏனென்றால் அங்கே வகுபடுவதே 3தான். 4, 4 வரிசைக்கும் இதே கதி, 3, 7, 11 என்று எடுத்தாலும் நடுவில் 5 வந்து கெடுத்துவிடும்.

6இன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. 3ஆல் வகுத்தால் மீதி 2 வரும் எண்ணிலிருந்துதான் 2 தாண்ட முடியும், மீதி 1 என்றால் 4. 6 மட்டும் இரண்டு பக்கமும் தாண்டும். அப்படியானால் இரு மடங்கு வர வேண்டுமே? நடுவில் இன்னொரு பகா எண் உட்கார்ந்துவிட்டால் அது 6 ஆகாது, அதனால்தான் குறைகிறது.

அடுத்து கடைசி இலக்கங்கள். 1இல் முடியும் பகா எண்ணுக்கு அடுத்ததும் 1இல் முடிவது எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று 2016இல் கணிதவியலாளர்களான நம் சென்னையில் பிறந்த கண்ணன் சௌந்தரராஜனும் லெம்கே ஆலிவரும் காட்டினார்கள். அதற்கும் கட்டம் போட்டாயிற்று, 1க்குப் பின் 1, 3க்குப் பின் 3 என்று மூலைக்கு மூலை போகும் வரிசை இளைத்துத்தான் கிடக்கிறது. இந்த முறை நிரலைச் சந்தேகப்படவில்லை.