ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா? படகுத்துறையில் நின்று பார்த்தால்

இளங்கலைக்கு ஒரே ஆண்டில் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. அக்டோபர் 15-க்குள், பிரிட்டனின் பொது விண்ணப்பமான யூகாஸ் படிவத்தில் ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும். பாடத்திட்டம், நுழைவுத் தேர்வு எல்லாம் பார்த்தும் தராசு நடுவிலேயே நின்றால், அப்போது விளையாட்டையும் கல்லூரி வாழ்க்கையையும் எடை போடலாம். மாநில அளவுச் சான்றிதழ் கட்டுக்கட்டாக இருந்தாலும் இடம் வாங்க அது உதவாது. அங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடையாது.

டிவியில் வரும் ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியை வைத்து முடிவெடுக்காதீர்கள். 1829-ல் ஹென்லியில் தொடங்கிய அது, இப்போது லண்டனில் பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கி.மீ. நடக்கிறது. அந்தப் படகில் ஏறுபவர்களில் பலர் சர்வதேச அனுபவத்தோடு முதுநிலை படிக்க வந்தவர்கள். புதிதாகச் சேரும் மாணவர் அன்றாடம் பார்க்கப்போகும் பகை வேறு: சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரியோடு. கேம்பிரிட்ஜில் மட்டும் 31 கல்லூரிகள். கால்பந்து, கிரிக்கெட், நெட்பால் என எதிலும் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் கோப்பைப் போட்டிக்கு இரண்டு ஊரிலும் 'கப்பர்ஸ்' என்றே பெயர். பந்தைத் தொட்டே பழகாதவரையும் மூன்றாம் அணியில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனால் ஊரே கரைக்கு வருவது 'பம்ப்ஸ்' நாட்களில்தான். இரண்டு நதியும் குறுகல், படகுகள் பக்கம் பக்கமாக ஓட இடமில்லை. அதனால் ஒன்றன் பின் ஒன்றாக, சுமார் ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும். எட்டுப் பேர் படகு ஏறக்குறைய 18 மீட்டர் என்பதால் இடைவெளி 27 மீட்டர் போல வரும். பீரங்கி வெடித்ததும் முன்னால் இருப்பதை இடிக்க வேண்டும், பின்னால் வருவது இடிப்பதற்குள். இடித்தால் மறுநாள் வரிசையில் ஓரிடம் மேலே. இந்த ஆண்டு விட்ட இடத்திலிருந்துதான் அடுத்த ஆண்டு தொடக்கம். பத்தாண்டுக்கு முந்தைய தோல்வியையும் பாரில் உட்கார்ந்து பேசுவது இதனால்தான்.

தேர்வெழுதுகிறவர் கவனிக்க வேண்டியது காலண்டர். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய பம்ப்ஸ் பந்தயமான சம்மர் எய்ட்ஸ் (Summer Eights), டிரினிட்டி எனப்படும் கோடைப் பருவத்தின் 5-ஆம் வாரத்தில் புதன் முதல் சனி வரை. பல பாடங்களின் இறுதியாண்டுத் தேர்வுகளும் ஏறத்தாழ அப்போதுதான் ஆரம்பிக்கும். முதலாண்டுத் தேர்வு பெரும்பாலும் பருவக் கடைசியில் வருவதால் முதலாண்டில் பிரச்சினை இல்லை. மூன்றாம் ஆண்டில் துடுப்பா தேர்வா என்ற இழுபறி வரும். கேம்பிரிட்ஜில் மே பம்ப்ஸ் நடப்பது ஜூனில், பெரும்பாலோருக்குத் தேர்வு முடிந்த பிறகு. தேர்வு முடிந்த கொண்டாட்டமான மே வாரமும், 'மே பால்' எனும் இரவு நடன விருந்துகளும்கூட ஜூனில்தான். (பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலும்.) இதற்கு விலை உண்டு: ஏப்ரல் கடைசியிலிருந்து ஊர் நூலகத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஐந்தாறு வாரத்தைத் தனிமையாக உணர்பவர்கள் உண்டு. வாரம் இரண்டு நாள் படகில் இடம் வைத்துக்கொண்டால் மனித முகம் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஐசிஸில் (தேம்ஸ் நதிக்கு அங்கே அந்தப் பெயர்) வெள்ளம் வந்தால் சிவப்புக் கொடி ஏறும், யாரும் இறங்கக் கூடாது. முதல் பருவத்திலேயே நதியில் ஓட்டும் ஆசையோடு வருகிறவர்கள் பல வாரம் எர்க் மெஷினோடு (தரையில் உட்கார்ந்து துடுப்புப் போடும் பயிற்சிக் கருவி) மல்லுக்கட்ட நேரும். இழுப்பின் கனத்தை மாற்றும் அதன் டாம்பரை 10-இல் வைப்பது புதியவர் செய்யும் முதல் தப்பு. முதுகு போய்விடும், 3 முதல் 5 போதும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஜூலையிலேயே தொடங்க வேண்டியது நீச்சல். லேசான உடையோடு 50 மீட்டர் நீந்திக் காட்டச் சொல்வார்கள்.

படகில் ஏறியபின் எல்லோரும் ஒருமுறையாவது 'நண்டு பிடிப்பார்கள்'. துடுப்பின் தட்டை முனை நேராக நிற்காமல் சாய்ந்தபடி தண்ணீருக்குள் போனால் கத்தி போல ஆழத்துக்கு இழுபடும். ஓடும் படகின் வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சில் மோதும். இறுகப் பிடித்த விரல்கள்தான் பெரும்பாலும் காரணம். பிடியைத் தளர்த்தி, உள்பக்கக் கையால் மட்டும் துடுப்பைத் திருப்பி, தண்ணீரைத் தொடும் முன்பே நேராக்கிவிட வேண்டும். படகைத் திருப்பிக் கட்டளை சொல்லும் காக்ஸ் 'ஈஸி தேர்' என்றால் உடனே நிறுத்துங்கள், இன்னொரு இழுப்பு வேண்டாம்.

விருந்துகளில் சொல்தான் வேறு. இரண்டு அணிகள் சேர்ந்து சாப்பிடுவது ஆக்ஸ்ஃபோர்டில் 'குரூ டேட்', கேம்பிரிட்ஜில் 'ஸ்வாப்'. யாராவது எழுந்து ஒரு குற்றம் சொல்ல, அதைச் செய்தவர் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். தண்ணீர் தம்ளரைத் தூக்கினாலும் செல்லும். மது வேண்டாம் என்பதை முதல் நாளே கேப்டனிடம் சொல்லிவிட்டால் தர்மசங்கடம் இல்லை. ஃபார்மல் ஹால் எனும் கல்லூரி இரவு விருந்தில் சைவம் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிக்க வேண்டும், மேசையில் உட்கார்ந்தபின் கேட்டால் கிடைப்பது சந்தேகம். செஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரு பல்கலைக்கும் இடையிலான சதுரங்கப் போட்டி 1873-இலிருந்து நடக்கிறது, எந்த ஊரில் சேர்ந்தாலும் கிளப்பைத் தேடிப் போங்கள்.

ஊரைத் தேர்ந்தபின் கல்லூரியைத் தேரும்போது வரைபடத்தில் அதன் போட்ஹவுஸுக்கும் (நதிக்கரைப் படகுக் கொட்டகை) அறைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் வளாகத்துக்குள்ளேயே மைதானமும் கூரையிட்ட நீச்சல் குளமும் உண்டு, ஆனால் நகர மையத்திலிருந்து சுமார் 4 கி.மீ. தள்ளி. நவம்பரில் காலை ஆறு மணிப் பயிற்சி என்றால் இருட்டில், பனியில், சைக்கிளில் போகும் தூரம் அது.