அம்மா போட்ட மார்க்கை யார் நம்புவார்கள்? டெக்சஸில் ஹோம்ஸ்கூலும் டூயல் கிரெடிட்டும்

மகள் எட்டாம் வகுப்பை முடிக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "நீயே பாடம் நடத்துறே, நீயே பேப்பர் திருத்துறே, நீயே ஏ போடுறே. இதை எந்த யுனிவர்சிட்டி நம்பும்?" கோபம் வந்தாலும் கேள்வி நியாயமானதுதான். அடுத்த நான்கு வருடங்களுக்கு நாங்கள் போட்ட திட்டமெல்லாம் அதற்குச் சொன்ன பதில்.

நாங்கள் இருப்பது டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில். டெக்சஸில் ஹோம்ஸ்கூல் என்பது சட்டப்படி ஒரு தனியார் பள்ளி. 1994-இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும் பாடத்திட்டத்தில் இருந்தால் போதும். மாநிலத்திடம் பதிவு செய்ய வேண்டாம், மாநிலத் தேர்வு எழுத வேண்டாம், யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். ஊரில் இன்ஸ்பெக்ஷன் என்றாலே நடுங்கும் பள்ளியில் படித்த எனக்கு இது முதலில் நம்பவே முடியாததாக இருந்தது. ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு ஒரு சுமையும் வருகிறது. ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலைத் தயாரிப்பதும், டிப்ளமாவில் கையெழுத்துப் போடுவதும் நம் வேலைதான்.

எத்தனை பாடம், என்னென்ன பாடம் என்பதற்கு அரசுப் பள்ளியின் கணக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அங்கே அடிப்படைத் திட்டம் 22 கிரெடிட் (பாட அலகு), எண்டார்ஸ்மென்ட் என்ற சிறப்புப் பிரிவோடு சேர்த்தால் 26. எங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கும் அட்மிஷன் ஆபீசருக்குப் பழகிய வடிவம் அது. எக்செல்லில் நான்கு வருடத்துக்கு நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே "சாட்சி யார்?" என்று ஒரு பத்தி சேர்த்தேன். நான் கொடுக்கும் மதிப்பெண்ணை வெளியாள் யாராவது உறுதிப்படுத்த வேண்டிய பாடம் எது, வேண்டாதது எது என்று பிரிப்பதற்காக.

இதில்தான் பல பெற்றோரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுத்து, அதை இரண்டு கணக்கிலும் சேர்ப்பதுதான் டூயல் கிரெடிட். அது என்றதும் "எத்தனை கல்லூரி கிரெடிட் சேர்த்தீங்க? ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரியே வாங்கியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். சேர்க்க முடிந்தால் நல்லதுதான். எங்களுக்கு அது இரண்டாம் பட்சம். ஆங்கிலக் கட்டுரை, லேப் உள்ள அறிவியல், கால்குலஸ் மூன்றையும்தான் கண்டிப்பாகக் கல்லூரியில் எடுக்க வைத்தோம். அம்மா போட்ட ஏ மீது சந்தேகம் வருவது இவற்றில்தான். உலக வரலாறு, இலக்கியம், ஓவியம் எல்லாம் வீட்டிலேயே நிதானமாக நடந்தன.

ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடமும் அதன் தேர்வும். அதுவும் இதற்கு மாற்றுத்தான், யோசித்தோம். வீட்டில் நடத்தும் பாடத்துக்கு டிரான்ஸ்கிரிப்டில் ஏபி என்று பெயர் போட வேண்டுமானால் பாடத்திட்டத்தை அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். மே மாதத் தேர்வை எழுத இடம் கொடுக்கும் பள்ளியையும் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே நாமே தேடிப் பிடிக்க வேண்டும். இவ்வளவு செய்தும் வருட உழைப்பு முழுக்க ஒரு காலை நேரத் தேர்வில் போய் நிற்கும். மகளுக்கு வாரா வாரம் வேலை செய்து மதிப்பெண் சேர்ப்பதுதான் ஒத்துவரும் என்று கல்லூரிப் பக்கம் சாய்ந்தோம்.

நாங்கள் தேர்ந்தது சமுதாயக் கல்லூரி, அதாவது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புத் தரும் உள்ளூர்க் கல்லூரி. அதில் சேர முதல் வாசல் டிஎஸ்ஐஏ 2 என்ற தகுதித் தேர்வு. கணினியில் எழுதுவது, நேரக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். கணக்கில் 950 எடுத்தால் தேறலாம். ஆங்கிலத்தில் 945, கூடவே கட்டுரைக்கு 8-க்கு 5. அதற்குக் குறைந்தால் டயக்னாஸ்டிக் என்று தொடர்ந்து ஒரு பகுதி வரும், அதில் நன்றாகச் செய்தாலும் தேறலாம். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் வாசிப்பு–எழுத்தில் 480, கணக்கில் 530 ஏற்கெனவே இருந்தால் இந்தத் தேர்வே வேண்டாம். தேர்வுக்கு முன் இணையத்தில் முன்பயிற்சி ஒன்றை முடித்த சான்று கேட்பார்கள், அது சட்டப்படி கட்டாயம். பத்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் எழுத வைத்தோம். கணக்குப் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இருக்காது. நம் வீடுகளில் தடுமாற்றம் வருவது கட்டுரையில். ஒரு நிலைப்பாடு எடுத்து, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லி, காரணத்தோடு நிறுவும் கட்டுரை கேட்பார்கள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வாரம் ஒன்று எழுதிப் பழகினாள்.

அடுத்தது காகித வேலை. அப்ளை டெக்சஸ் தளத்தில் விண்ணப்பம், பிறகு டூயல் கிரெடிட் படிவம். அதில் "பள்ளி முதல்வர் கையெழுத்து" என்று ஒரு கோடு. நான்தான் முதல்வர், நான்தான் கவுன்சலர், கீழே பெற்றோர் என்ற இடத்திலும் நானே. ஒரே பக்கத்தில் என் கையெழுத்து வரிசையாக நிற்பதைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கல்லூரி மாவட்டத்துக்குள் வீடு இருந்தால் கட்டணம் ஒன்று, வெளியே இருந்தால் அதிகம். அதனால் முகவரிச் சான்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 22 வயதுக்கு உட்பட்ட புதிய மாணவர் கல்லூரிக்கு நேரில் போவதென்றால் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். ஐந்து வருடத்துக்குள் போட்டதாக, செமஸ்டர் தொடங்க 10 நாளுக்கு முன்பே போட்டதாக இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஆகஸ்டில் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலையும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். டெக்சஸ் கல்லூரிகள் பொதுவான எண்முறை ஒன்றை வைத்திருக்கின்றன. இங்கிலிஷ் 1301-இல் முதல் இலக்கம் அது முதலாம் ஆண்டுப் பாடம் என்கிறது, இரண்டாவது இலக்கம் அது மூன்று கிரெடிட் என்கிறது. மேத் 2413 கால்குலஸ், இரண்டாம் ஆண்டு, நான்கு கிரெடிட். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றும்போது இந்த எண்தான் பேசும். அதைவிட முக்கியம், உயிரியலில் 1406 அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு, 1408 மற்றவர்களுக்கு. இரண்டிலும் லேப் உண்டு, இரண்டிலும் நான்கு கிரெடிட். எளிது என்று 1408-ஐ எடுத்துவிட்டுப் பிறகு பயாலஜியை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்துச் சேர்ந்தால் அது அந்த மேஜரின் பாடமாக நிற்காது. பாடங்கள் சங்கிலியாக வருவதையும் கவனியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் வேண்டுமென்றால், அதற்கு முன்போ அதோடு கூடவோ கால்குலஸ் இருந்தாக வேண்டும். அப்படியென்றால் வீட்டில் ப்ரீகால்குலஸ் பதினொன்றாம் வகுப்புக்குள் முடிய வேண்டும். எங்கள் எக்செல்லைப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பின்னோக்கி நிரப்பியது இதனால்தான்.

மதுரையிலிருந்து மாமனார் போனில் கேட்டார்: "என்னம்மா, பள்ளிக்கூடத்துக்கே போகாத புள்ள காலேஜுக்குப் போகுதுங்கிறே?" "ஆமா மாமா, அங்க போனாத்தான் பள்ளிக்கூடம் முடிச்ச கணக்கு" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, பக்கத்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

முதல் செமஸ்டரில் இங்கிலிஷ் 1301 ஒன்று மட்டும். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வகுப்பில் அவளுக்கு ஒரு பக்கம் இரவு ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்த ஒருவர், இன்னொரு பக்கம் பிள்ளையை டேகேரில் விட்டுவிட்டு வந்த ஒரு அம்மா. பதினாறு வயதுக்காரி என்று யாரும் தனியாகப் பார்க்கவில்லை. முதல் கட்டுரை திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் குறிப்புகள். "இதை யார் சொன்னது?", "இந்தப் பத்தியின் வேலை என்ன?" என்று பேராசிரியர் கேட்டிருந்தார். அதே கேள்விகளை நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டால் நச்சரிப்பு, பேராசிரியர் கேட்டால் பாடம்.

இன்னொன்றுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது பதினெட்டு ஆகாவிட்டாலும், ஃபெர்பா என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. கவுன்டரில் நான் கேள்வி கேட்க, அங்கிருந்த பெண்மணி பதிலை என் மகளைப் பார்த்துச் சொன்னார். அதனால் மின்னஞ்சல் எழுதுவது, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆபீஸ் அவர் நேரத்தில் போய் நிற்பது, கெடு தேதி குறித்து வைப்பது இவற்றையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள். தேதிகளில் முக்கியமானது சென்சஸ் நாள். முழு நீள செமஸ்டரில் அது 12-ஆவது வகுப்பு நாள். அதற்குள் விலகினால் பதிவில் சுவடே இருக்காது. தாண்டினால் விலகியதைக் காட்டும் டபிள்யூ (W) விழும். எட்டு வாரப் பாடங்களில் இந்த நாள் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

அந்தச் சுவடு ஏன் முக்கியம் என்றால், டூயல் கிரெடிட் மதிப்பெண் ஹைஸ்கூலோடு முடிந்துபோவதில்லை. மருத்துவக் கல்லூரிக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில், ஹைஸ்கூல் படிக்கும்போது எடுத்தவை உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் காட்ட வேண்டும். பதினைந்து வயதில் கெமிஸ்ட்ரியில் வாங்கிய சி இருபத்தொரு வயதில் வந்து கதவைத் தட்டும். டாக்டர் கனவு இருக்கும் வீடுகளில்தான் அவசரமும் அதிகம், அதனால் சொல்கிறேன். தனியார் பல்கலைக்கழகம்தான் குறி என்றால், ஹைஸ்கூல் தகுதிக்காகக் கணக்கு வைத்த பாடத்துக்கு அவற்றில் பல கிரெடிட் தருவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். எங்களுக்கு அது கவலையாக இல்லை. சாட்சி கிடைத்தது, அதுவே போதும்.

அயல்மொழி இரண்டு கிரெடிட்டுக்குத் தமிழையே வைத்தோம். சனி ஞாயிறு தமிழ்ப்பள்ளி, வீட்டில் வாசிப்பு, கடைசியில் அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வு. தமிழுக்கு எழுத்தும் பேச்சும் சோதிக்கிறார்கள். அம்மா சொல்லிக்கொடுத்த தாய்மொழிக்கும் வெளிச் சாட்சி உண்டு என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

டிரான்ஸ்கிரிப்டில் ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடத்தை ஒரு முழு ஹைஸ்கூல் கிரெடிட்டாகப் போட்டோம். ஹோம்ஸ்கூல் வட்டாரத்தில் அதுதான் வழக்கம். அரை கிரெடிட் போடுகிறவர்களும் உண்டு. எதுவானாலும் கடைசி வரை ஒரே மாதிரி இருக்கட்டும், அடிக்குறிப்பில் அந்தக் கணக்கையும் எழுதிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் கவுன்சலர் கணக்கு நம் பெயரில் வரும். ஸ்கூல் புரொஃபைல் என்ற பக்கத்தில் எந்தப் பாடம் வீட்டில், எந்தப் பாடம் கல்லூரியில் என்று இரண்டு பத்தியில் நேராகச் சொன்னேன், அலங்காரம் ஒன்றும் செய்யவில்லை. கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் தனியாகக் கல்லூரியிலிருந்தே போக வேண்டும். கடைசி செமஸ்டரில் அதை ஆர்டர் செய்யும்போது, மதிப்பெண் பதிவான பிறகு அனுப்பு என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து அதை டிக் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த செமஸ்டருக்கான மதிப்பெண் இல்லாத தாள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும், ஜூலையில் மறுபடி பணம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கும்.