துணி போர்த்துவதற்கு முன்

ஜனவரி 12

வீட்டுப் பட்டறையில் நானே கட்டப்போகும் சிறு விமானத்தின் பாகங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்தாயிற்று. அலுமினியக் குழாய்கள், இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்கள், பொட்டலம் பொட்டலமாகப் போல்ட்டுகள், தடிமனான கையேடு. விமானப் போல்ட்டைத் தலையிலுள்ள குறியை வைத்துத்தான் சாதாரணப் போல்ட்டிலிருந்து பிரித்தறிய முடியும். அதனால் வீட்டுச் சாமான்கள் அத்தனையையும் பட்டறையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டேன்.

பிப்ரவரி 2

நாள் முழுக்கத் துளையிடும் வேலை. முதலில் அளவுக்குச் சற்றுச் சிறிதாகத் துளைத்து, பிறகு துளையைச் சீராக அகலப்படுத்தும் ரீமரால் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். துரப்பணம் வெளியே வரும் பக்கத்தில் மயிரிழை போல ஒரு பிசிறு நிற்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அதை வழித்தெடுக்காமல் விட்டால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு: சுமை அதற்குக் கீழே இருக்கும்வரை எத்தனை முறை அதிர்ந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். இதை அறிந்த பிறகு எந்தத் துளையையும் அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 16

காற்றில் ஈரம் அதிகம். அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான ப்ரைமரைப் பூசவில்லை.

பிரேசிலில் பிறந்த சாண்டோஸ் துமோன் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மூங்கிலும் பட்டுமாக அவர் கட்டிய ‘டெமுவாசெல்’ என்ற குட்டி விமானத்துக்குக் காப்புரிமை கோராமல், யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வரைபடத்தைப் பொதுவில் விட்டுவிட்டார். 1910-இல் ஓர் அமெரிக்க இதழ் அதை அச்சிட்டது. வீட்டில் விமானம் கட்டும் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் மூத்தவர் என்பேன்.

மார்ச் 9

கட்டுப்பாட்டுக் கேபிள்கள். முனையை வளைத்து, உள்ளே கேபிள் நசுங்காமல் காக்கும் திம்பிள் என்ற வளையத்தை வைத்து, செப்புக் குழலை ஏற்றி, கருவியால் நசுக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டும் போதாது. நசுக்கிய இடம் அளவுமானியின் பிளவுக்குள் நுழைய வேண்டும். எல்லாமே நுழைந்தன.

ஏப்ரல் 20

ஆய்வாளர் வந்தார். துணி போர்த்திவிட்டால் இறக்கையின் உட்புறத்தை மறுபடி எளிதில் பார்க்க முடியாது; ஆகவே இன்றைய பார்வைதான் முக்கியமானது. டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியுமாக ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தார். நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை ஒரு சுற்றாவது நீண்டிருக்கிறதா, கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் டர்ன்பக்கிள்களில் பூட்டுக்கம்பி சுற்றியிருக்கிறதா, கேபிள் எங்காவது உரசுகிறதா என்று விடாமல் தேடினார்.

பிறகு கட்டுப்பாட்டுக் கோலைப் பிடிக்கச் சொன்னார். “கட்டைவிரலை மேலே நிமிர்த்திக்கொண்டு கோலை இடப்பக்கம் தள்ளுங்கள். விரல் காட்டும் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும்.” இறக்கையின் பின்விளிம்பில் அசையும் அந்தத் தகடு எழுந்தது. வலப்பக்கமும் அப்படியே. இப்படிச் சோதிக்காவிட்டால், கேபிள் இடம் மாறிப் பூட்டப்பட்ட விமானம் தரையில் எந்தக் குறையும் காட்டாது. தரையைவிட்டு எழுந்த பிறகுதான் தெரியும். இனி ஒவ்வொரு முறை ஏறி உட்காரும்போதும் இந்தச் சோதனையைச் செய்வேன்.

அவர் கையெழுத்திட்டுப் போன பிறகும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் மறுபடி பார்த்தேன்.

மே 4

பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றும் வேலை. முதலில் 120 டிகிரி செல்சியஸ், கடைசியில் 175. அதைத் தாண்டினால் துணி இறுக்கத்தை இழந்துவிடும். பெட்டியின் முள்ளை நம்பாமல் வெப்பமானி வைத்தே பார்த்தேன். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, தட்டினால் மத்தளம் போல ஒலிக்கிறது. இத்தனை மாத வேலையில் இன்று அடைந்த மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை.

ஜூன் 15

என்ஜின் பொருத்தியாயிற்று. எரிபொருள் குழாய்களில் கசிவு இல்லை.

ஜூலை 6

எடை போட்டோம். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களின் அடியிலும் ஒவ்வொரு தராசு. ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடையை குறிப்புக் கோட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைத்துவிடும். அது அளவுக்கு மிஞ்சிப் பின்னால் போனால், வேகம் குறைந்து மூக்கு நிமிர்ந்த விமானத்தை மீட்பது மிகக் கடினம். தொட்டி காலியாக ஒரு கணக்கு, நிறைந்திருக்க ஒரு கணக்கு, விமானியின் எடையை மாற்றி இன்னும் சில. எல்லாமே கையேட்டின் எல்லைக்குள் நிற்கின்றன.

அடுத்த வாரம் ஓடுபாதையில் மெதுவாக ஓட்டி பிரேக்கைச் சோதிக்க வேண்டும். முதல் பறப்பை இந்த வகை விமானத்தில் நெடுநாள் பழகிய ஒரு விமானியிடம் ஒப்படைக்கப் போகிறேன். நான் கீழே நின்று பார்ப்பேன்.