பனம்பழம் சுட்டது, மூன்றாவது வருஷம்

நேற்று சுட்ட நாலு பனம்பழமும் கொட்டை வரைக்கும் வெந்து வந்தன. இரண்டு வருஷமாக மேலே கரி, உள்ளே பச்சை என்றே முடிந்ததால் இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கோளாறு ஓலையில்தான் இருந்தது. காவோலையை, அதாவது காய்ந்த பனையோலையை, குவித்துக் கொளுத்தினால் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும், இரண்டு நிமிஷத்தில் சாம்பலாகிவிடும். ஒன்றரைக் கிலோ பழம் அதில் எங்கே வேகும்? தோல் கருகிய வாசம் வந்ததும் எடுத்துவிடுவேன். பிரித்தால் கொட்டையை ஒட்டிய நார் வெளுத்து, உறிஞ்ச ஒன்றும் இல்லாமல் இருக்கும். இந்தத் தடவை பற்றவைக்க மட்டும் ஓலை. மேலே கருக்குமட்டையும் (பனையோலையின் முள்விளிம்புக் காம்பு) உடைமர விறகும் அடுக்கி, முக்கால் மணி நேரம் எரியவிட்டு, தணலான பிறகே பழத்தை வைத்தேன்.

காம்புத் தொப்பியை முதலிலேயே பிய்த்துவிட வேண்டும். உள்ளே நடப்பது அந்தக் குழியில்தான் தெரிகிறது. முதலில் தண்ணியாக நுரைத்து வடியும். அப்போது எடுத்தால் போச்சு. 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் வட்டம் உருட்டிக்கொண்டே இருந்தால், 25 நிமிஷம் போல நுரை அடங்கி, ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாகக் கொப்புளிக்கும். அது தணலில் சொட்டும்போது பாகு தீய்கிற வாசம் வரும். அதற்கப்புறமும் ஒரு 10 நிமிஷம் விட்டேன். உருட்டுவதற்கு இரும்பு இடுக்கி வேண்டாம், தோலைக் கிழித்துச் சாற்றை வீணாக்குகிறது. பச்சை மட்டைத் துண்டு இரண்டு போதும்.

தோல் கையோடு உரிந்து வந்தது. பழப்புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு, நாரைத் தொட்டுத் தொட்டு உறிஞ்சினோம். மூன்று பழம் தித்திப்பு. நாலாவது மட்டும் கசந்து தொண்டையில் காறியது. அதே தணல், அதே நேரம். பழம் கொடுத்த பனையேறி அண்ணனிடம் கேட்டேன். "தீயக் குறை சொல்லாத தம்பி, அந்த மரமே காறும்" என்றார். பனம்பழக் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெல்லிஃபெரின் என்ற பொருள். அது மரத்துக்கு மரம் கூடும், குறையும். இரண்டு வருஷம் எல்லாப் பழியையும் தீயின் மேல் போட்டிருக்கிறேன். இனிமேல் ஒவ்வொரு பழத்திலும் எந்த மரம் என்று சுண்ணாம்பால் குறித்துவிடப் போகிறேன்.

பழம் கிடைப்பதும் லேசில்லை. ஆண் பனை காய்க்காது. பதநீருக்குச் சீவின பாளையிலும் காய் வராது. சீவாமல் விட்ட பெண் பனை எங்கே நிற்கிறது என்று அண்ணனுக்குத்தான் தெரியும். ஆவணியில் அவருக்கும் ஏற்று வேலை இல்லை. விடியுமுன் போய் ராத்திரி விழுந்ததைப் பொறுக்கிக் கொடுக்கிறார். வெயில் ஏறினால் வண்டு துளைத்துவிடும்.

பனாட்டுக்கு, அதாவது பழக்களியைப் பாயில் ஊற்றிக் காயவைக்கும் பண்டத்துக்கு, களி பிசைய இன்னும் ஆறு பழம் சொல்லி வைத்திருக்கிறேன். பாயும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் இந்தக் கொட்டைகள் இருக்கின்றன. நாலு பழத்தில் 11 கிடைத்தன. சுட்ட கொட்டையைத் தனிப் பாத்தியில் புதைத்து, சுடாததைப் பக்கத்தில் புதைத்திருக்கிறேன். தைப் பொங்கலுக்கு இரண்டு பாத்தியையும் தோண்டி, எதில் எத்தனை கிழங்கு என்று எண்ணிச் சொல்கிறேன்.